பாதை முடிவு என்ற பலகைக்கு அப்பால்

என் கையெழுத்தைப் படிக்கப் போகிறவர்கள் முதலிலேயே என்னை மன்னித்துவிட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் எஸ், எம், எல் என்று சைஸ் மட்டும்தான். அதையும் துணியின் மேல் சாக்பீஸால் எழுதிப் பழகிய கை. பேப்பரில் எழுதினால் எழுத்து பெரிதாகி, கோட்டை விட்டுக் கீழே இறங்கிப் போகிறது. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதும் இன்றுவரை பிடிபடவில்லை. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அதில் பிழை இருக்காது.

எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு பழைய ரயில் பாதை போகிறது. அதன் நடுவில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அந்த மரத்தைப் பற்றி இப்போது ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். போன வாரம் டீக்கடையில் ஒருவர் என்னிடமே ஒரு கதையைச் சொன்னார். கனவு, கன்னிப்பெண், வெள்ளைக் குதிரை எல்லாம் அதில் வந்தன. நான் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் சொன்னபோது என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நீங்க வாயத் தொறக்க மாட்டீங்க. எழுதியாச்சும் வெச்சுருங்க" என்றாள்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் வேலை செய்கிறேன். மனைவி வேறொரு கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ நூல் விட்டுப்போனதோ இருந்தால் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிப் போடுவாள். அவள் கம்பெனி ஒரு பழைய நூல் மில்லின் காம்பவுண்டுக்குள் இருக்கிறது. மில் மூடியபின் அங்கிருந்த ஷெட்டுகளைப் பல கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக பைபாஸ் ரோட்டை விட்டால் வேறு வழி கிடையாது. அவள் அதில் தினமும் சைக்கிளில் போய் வந்தாள்.

ஒரு நாள் காலையில் ஒரு லாரி அவளைத் தாண்டிப் போனது. லாரி அவள்மேல் படவில்லை. பின்னால் தார்ப்பாய் கட்டியிருந்த கயிறு ஒன்று அவிழ்ந்து காற்றில் ஆடிக்கொண்டு வந்திருக்கிறது. அது ஹேண்டில்பாரில் மாட்டி, சைக்கிளை அவளோடு சேர்த்துச் சுண்டிவிட்டது. ரோட்டோரக் குழியில் போய் விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. லாரிக்காரனுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவன் போய்விட்டான்.

கட்டுப் பிரித்து, கை பழையபடி ஆயிற்று. கம்பெனியிலிருந்தும் வரச் சொன்னார்கள். அவளும் கிளம்பினாள். பைபாஸ் முனையில் சைக்கிளை விட்டு இறங்கி நின்றாள். ஒரு லாரி போனது, இன்னொரு லாரி போனது. அப்படியே திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"கால் வர மாட்டேங்குதுங்க" என்றாள்.

கம்பெனி வண்டி எங்கள் பக்கம் வருவதில்லை. என் வேலை நேரம் வேறு, அவள் வேலை நேரம் வேறு. நான் கொண்டுபோய் விட முடியாது. பக்கத்திலேயே வேறு கம்பெனியில் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் காயப்போட்ட என் சட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த டேபிளில், அந்த ஆட்களோடு எத்தனையோ வருஷம் நின்றவள். யாரோ அவிழ விட்ட ஒரு கயிற்றுக்காக அதை விட்டுவிட அவளுக்கு மனசில்லை. எனக்கும் மனசில்லை. அவள் அந்தக் கம்பெனிக்கே போக வேண்டும், பைபாஸில் கால் வைக்காமல் போக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன். எப்படி என்று அப்போது தெரியவில்லை.

அப்போதுதான் அந்த ரயில் பாதை நினைவுக்கு வந்தது. மில் ஓடிய காலத்தில் பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டு கூட்ஸ் வண்டி அதில்தான் மில்லுக்குள்ளேயே போகுமாம். மில் நின்றதும் வண்டியும் நின்றது. பிறகு தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மண்மேடு மட்டும் மிஞ்சியது. காலனிப் பக்கத்திலிருந்து பாதித் தூரம் வரை அந்த மேட்டைச் சமன் செய்து, கல் பதித்து, நடக்கவும் சைக்கிள் விடவும் பாதையாக ஆக்கியிருக்கிறார்கள். காலையில் பெரிய வீட்டுக்காரர்கள் கையை வீசிக்கொண்டு நடப்பார்கள். பாதி வழியில் ஒரு பலகை. "பாதை முடிவு". எல்லாரும் அதைத் தொட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

என் மனைவியும் அங்கே போய்ச் சைக்கிள் ஓட்டத் தொடங்கினாள். பலகை வரைக்கும் போவாள், திரும்புவாள், மறுபடியும் போவாள். ஒரு நாள் பார்த்தால் கூடையில் டிபன் கேரியர் இருந்தது.

"எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"வெயிட்டு பழகோணுமில்லீங்க" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கொடுவாளை எடுத்துக்கொண்டு நான் பலகைக்கு அந்தப் பக்கம் இறங்கினேன்.

சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்குப் பின்னிக் கிடந்தது. குனிந்தும் தவழ்ந்தும்தான் போக முடிந்தது. காலுக்கடியில் ஜல்லிக்கல் நெருநெருவென்று இருக்கும்வரை ரயில் மேட்டில்தான் இருக்கிறோம் என்று தெரியும். கொஞ்ச தூரத்தில் மழை மண் மூடி ஜல்லியும் காணாமல் போயிற்று. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே முள். எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் சித்த நேரம் முழித்தேன். அப்போது ஒரு பருத்திச் செடி கண்ணில் பட்டது. காட்டுச்செடி போலக் கிளை பரப்பி, காய் வெடித்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று, அதையடுத்து இன்னொன்று. அங்கே யாரும் பருத்தி போட்டதில்லை. கூட்ஸ் வண்டியிலிருந்து சிந்திய விதைதான் முளைத்து, அதன் விதை மறுபடி முளைத்து, இத்தனை காலம் வரிசை மாறாமல் நின்றிருக்கிறது. ஒவ்வொரு செடியாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெறும் துணியையே வெட்டிக்கொண்டிருந்தவனுக்குப் பருத்திச் செடி வழி காட்டியது. வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு வெடித்த காயை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

பாதித் தூரம் போனதும், முதலில் சொன்னேனே, அந்த மரம் நிற்கும் இடம் வந்தது. ஓடைத் தண்ணீர் போவதற்காக ரயில்காரர்கள் ஒரு சின்னப் பாலம் கட்டியிருக்கிறார்கள். அதன் மேல் பலகைக்கல்லை யாரோ எடுத்துப் போனதால் வாய் பிளந்த பள்ளமாகக் கிடந்தது. பள்ளத்தின் ஓரத்தில், மேட்டின் சரிநடுவில் அந்த வேப்பமரம். மரத்தை ஒட்டி அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தின் கம்பி வேலி. ஒரு பக்கம் விழ வேண்டும், ஒரு பக்கம் கம்பியில் கிழிபட வேண்டும். ஆள் ஒருவன் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி தாண்டிப் போகலாம். சைக்கிள் போகாது.

நான் தாண்டிப் போனேன். அதற்கு மேல் முள் குறைவுதான். போய் முடிந்த இடம் மில்லின் பின்வாசல். கதவு போய் வெறும் தூண்கள் நின்றன. உள்ளே பத்தடி தள்ளி ஒரு ஷெட். அதுதான் அவள் கம்பெனி. சுவரில் சாய்ந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கை காலெல்லாம் முள் கீறி எரிந்தது. வழி இருக்கிறது. அது போதும்.

திரும்பி வரும்போது தோட்டத்துக்காரர் வேலிக்குள் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டு, கையில் மாட்டுக் கயிறு.

"ஏனுங்க, முள்ளுக்குள்ள என்ன தேடறீங்க?"

"வழி பாக்கறனுங்ணா."

"வழியா? பாம்புக்கே இதுல வழி கெடையாது."

வேலியைப் பார்த்தேன். கம்பி வேலிக்கு உள்பக்கம், நாலைந்து எட்டு தள்ளி, கிளுவை மரக் கொம்புகளை நட்டு வளர்த்த பழைய வேலி வரிசையாக நின்றது. ரயில் மேட்டை ஒட்டி இருந்தது அந்தக் கிளுவைதான் என்று பார்த்தாலே தெரிந்தது. கம்பியைப் பிறகு மேட்டின் மேலேயே ஏற்றிப் போட்டிருக்கிறார். எனக்கு யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.

"வேலி முன்ன கிளுவைல இருந்துச்சுங்களாண்ணா?"

"என்ற அப்பன் காலத்துல இருந்து இங்கயேதானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

சரி, வேப்பமரத்தை வெட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். மரம் போனால் நடுவில் சைக்கிள் போகும் அளவுக்கு இடம் கிடைக்கும்.

அதற்கு அடுத்த ஞாயிறுகளில் முள் வெட்டினேன். வெட்டிய இடமும் வெட்டாத இடமும் குழம்பாமல் இருக்க, எங்கள் கட்டிங் டேபிளில் செய்கிற மாதிரியே அடையாளம் கட்டினேன். நாங்கள் வெட்டிய பீஸ்களைச் சைஸ் வாரியாகக் கட்டு கட்டி வைப்போம். கட்டுவதற்குக் கயிறு வாங்குவதில்லை. வேஸ்ட் துணியைக் குறுக்கே நாடாவாக வெட்டி ஒரு இழுப்பு இழுத்தால், பனியன் துணி தானே சுருண்டு கயிறாகிவிடும். ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு கலர். அதே போல வெள்ளை என்றால் வழி, மஞ்சள் என்றால் வெட்ட வேண்டிய மரம், சிவப்பு என்றால் பள்ளம், பார்த்துப் போ. ஒரு பை நிறைய நாடா எடுத்துப் போய்க் கட்டிக்கொண்டே போனேன். வேப்பமரம் வெட்ட வேண்டியது, அதனால் ஒரு மஞ்சள். பள்ளத்தின் ஓரம், அதனால் ஒரு சிவப்பு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக நன்றாக இறுக்கிக் கட்டினேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கலரைப் பார்த்தால் சைஸ் மட்டுமே ஞாபகம் வருகிற புத்தி.

காலையில் நடக்க வருகிறவர்கள் பலகையருகே நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"என்னங்க, ரயிலத் திருப்பிக் கொண்டாறீங்களா?" என்பார் ஒருவர்.

"அவுரு டிக்கெட்டு எடுத்துட்டாருங்க, வண்டிதான் வல்லியாம்" என்பார் அடுத்தவர்.

நான் தலையைக் குனிந்து வெட்டிக்கொண்டே இருப்பேன். பலகையிலிருந்து வேப்பமரம் வரை ஒரு சைக்கிள் போகும் அகலத்துக்கு வழி திறந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்தார்கள். சில வாரம் அந்தப் பக்கமே போக முடியவில்லை. ஷிப்மெண்ட் போன பிறகு, கோடாலியோடு மரத்தை வெட்டப் போனேன்.

மரத்துக்கு மஞ்சள் பூசியிருந்தது.

அடியில் மூன்று கல் நட்டு, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அகல் விளக்கு எரிந்து அணைந்த கரி. என் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் பக்கத்தில் இன்னும் எத்தனையோ நாடாக்கள். நீலம், பச்சை, ஆரஞ்சு, கோடு போட்டது, புள்ளி போட்டது. அத்தனையும் பனியன் வேஸ்ட். சுற்றியிருந்த கம்பெனி ஆட்கள் எல்லாரும் வேண்டுதல் கட்டியிருக்கிறார்கள். இந்த மரத்தோடு விடவில்லை. வழி நெடுக நான் வெள்ளை கட்டிய மரங்களிலும் கட்டிவிட்டார்கள். என் அடையாளம் எது, அடுத்தவர் வேண்டுதல் எது என்று எனக்கே தெரியவில்லை.

கோடாலியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். தோட்டத்துக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"செருப்பக் கழட்டிப் போட்டு நில்லுங்க. ஆத்தா எடம்."

"எப்பத்தீல இருந்துங்ணா?"

"என்ற கண்ணுக்குட்டி கவுத்த அறுத்துக்கிட்டு வேலியத் தாண்டிருச்சுங்க. பொழுதோட தேடிக்கிட்டு வாறேன், இந்தப் பள்ளத்து வாய்ல அசையாம நிக்குது. ஒரு எட்டு வெச்சிருந்தா உழுந்திருக்கும். ஏன் நிக்குதுன்னு நிமுந்து பாத்தா, மரத்துல மஞ்சத் துணியும் செவப்புத் துணியும் காத்துல ஆடுது. எனக்கு ஒடம்பு சிலிர்த்துப் போச்சு. நாந்தான் மொதக் கல்லு நட்டேன்." பிறகு என் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அதென்ன பின்னால? கோடாலியா? இந்த மரத்துல எவனும் இரும்பு வெக்கப்படாது, ஆமா."

நான் வீட்டுக்குத் திரும்பி வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"வேப்பமரத்துல மஞ்சளும் செவப்புங் கட்டுனா ஊரு வேற என்னங்க நெனைக்கும்? கட்டறப்போ நீங்களாச்சும் நெனைக்க வேண்டாமுங்களா?"

"எனக்கு எம்மும் எல்லும்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு."

சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. மரம் நின்றால் வழி இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள்தான் சொன்னாள். "போய்ச் சொல்லுங்க. துணி நீங்க கட்டுனதுன்னு சொல்லுங்க. சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க."

அடுத்த ஞாயிறு அங்கே பொங்கல் வைக்கிறார்கள் என்று தெரிந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கம்பெனியில் ஆயுதபூஜைக்கு இரண்டு வார்த்தை பேசச் சொன்னால்கூட நான் பாத்ரூம் போய்விடுவேன். ஆனாலும் போனேன், பழக்கத்தில் கொடுவாளும் கையோடு வந்துவிட்டது. மனைவி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

அடுப்பு மூட்டிப் பானை வைத்திருந்தார்கள். மில் காம்பவுண்டில் வேலை செய்கிற பெண்கள், குழந்தைகள், அங்கே ரூமெடுத்துத் தங்கியிருக்கும் வடநாட்டு ஆட்கள் சிலர், எல்லாரும் இருந்தார்கள். தோட்டத்துக்காரர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார்.

"வாங்க, வாங்க. கொடுவாளத் தூரப் போட்டுட்டு வாங்க, பொங்கல் சாப்புடலாம்."

"அந்தத் துணி…" என்று ஆரம்பித்தேன். குரல் வரவில்லை. மறுபடி சொன்னேன். "மொதல்ல கட்டுன மஞ்சளும் செவப்பும் நாங் கட்டுனதுங்க. மஞ்சள்னா வெட்டற மரம். செவப்புன்னா பள்ளம். சாமிக்குன்னு கட்டலீங்க."

பானையைக் கிளறிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். தென்பக்கத்திலிருந்து வந்து இங்கே டெய்லராக இருப்பவள். பேச்சிலேயே தெரிந்தது.

"சரிண்ணே, நீங்கதான் கட்டுனீய. ஒங்களக் கட்டச் சொன்னது யாரு?"

"ஆரும் சொல்லலீங்க. நானாத்தான்…"

"இம்புட்டு மரம் கெடக்கு. இந்த மரத்துல மட்டும் மஞ்சளும் செவப்பும் சேத்துக் கட்டணும்னு ஒங்களுக்கு எப்பிடித் தோணுச்சு?"

"இங்கதானுங்க பள்ளமும் இருக்குது, மரமும் இருக்குது."

"அதத்தாண்ணே நானும் சொல்லுதேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்துக் கும்பிடக்கூடச் செய்தாள். நான் என்ன சொன்னாலும் அது கதைக்குத்தான் போய்ச் சேரும் என்று புரிந்தது. பேசாமல் போய்விடலாம் என்று திரும்பினேன்.

திரும்பின இடத்தில் என் மனைவி நின்றாள். நான் வெட்டிய வழி முடியும் இடத்தில், சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு காலை மட்டும் கீழே ஊன்றி நின்றாள். கூடையில் டிபன் கேரியர். பைபாஸ் முனையிலும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று தோன்றியது. நான் மறுபடி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். இந்தத் தடவை குரல் தானாக வந்தது.

"சாமின்னே இருக்கட்டுங்க. மரத்த நான் தொட மாட்டேன். ஆனா அதா நிக்கறா பாருங்க, என்ற சம்சாரம். பைபாசுல லாரிக் கவுறு மாட்டி உழுந்து கைய ஒடச்சுக்கிட்டா. இப்ப ரோட்டுல போகக் கால் வல்லீங்கறா. இந்த வழியா அவ வேலைக்குப் போகோணும். அதுக்குத்தான் இத்தன நாளா முள்ளு வெட்டறேன்." தோட்டத்துக்காரரைப் பார்த்தேன். "அண்ணா, உங்களுக்கு ஆத்தா கண்ணுக்குட்டியக் குடுத்தா. அவ மரத்தடியில நின்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வேலி முன்ன எங்க இருந்துச்சு?"

அவர் கையில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. விளக்கைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கிளுவைப் பக்கம் பார்த்தார்.

"என்னங்க நீங்க, பொங்கச் சோறு திங்கற எடத்துல…"

"அண்ணன் கேக்காருல்லா, சொல்லுங்க" என்றாள் டெய்லர் பெண்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கிளுவையோடதானுங்க" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆத்தாளக் கொண்டாந்து நட்டு என்ற வேலியப் புடுங்கறீங்களேப்பா! பாத்தா ஊமையாட்ட இருக்கறீங்க!"

அந்த வாரமே கம்பி வேலியின் கல்கால்களைப் பெயர்க்க ஆள் விட்டார். மில் ரூம்களில் இருந்த வடநாட்டு ஆட்களும் கடப்பாரையோடு வந்தார்கள். சந்தைக்குப் போக அவர்கள் இத்தனை நாளும் அந்தக் கம்பிக்கு அடியில்தான் படுத்து ஊர்ந்து போயிருக்கிறார்கள். "பையா, இதர்? இதர்?" என்று இந்தியில் இடம் கேட்டுக் கேட்டு இழுத்தார்கள். கம்பி போனதும் மரத்துக்கும் கிளுவைக்கும் நடுவில் இரண்டு சைக்கிள் எதிரெதிராகப் போகும் இடம் கிடைத்தது. விளக்கேற்ற வருகிற பெண்கள் இருட்டில் விழுந்துவிடக் கூடாது என்று இடிந்த மில் சுவரின் கல்லைக் கொண்டுவந்து கொட்டிப் பள்ளத்தையும் அந்த வடநாட்டு ஆட்களே நிரப்பினார்கள். தண்ணீர் போக அடியில் ஒரு குழாய் போட்டார் தோட்டத்துக்காரர். நான் ஒருவனாகச் செய்ய எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று தெரியாது. மரத்துக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த முள்ளைப் பொங்கல் வைக்க வந்தவர்களே வெட்டித் தள்ளினார்கள். பருத்திச் செடிகளை மட்டும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதையும் சாமி சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் என் மனைவி கிளம்பினாள். நான் முன்னாலேயே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். நேரான வழி, பலகை வரை தெரிந்தது. பலகை வரைக்கும் வேகமாக வந்தவள் அங்கே கொஞ்சம் தயங்கினாள். பழக்கத்தில் திரும்பிவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். சைக்கிளின் முன்சக்கரம் கல் பதித்த பாதையிலிருந்து மண்ணில் இறங்கியது. இரண்டு குலுங்கு குலுங்கியது. பிறகு நேராக வந்தாள்.

மரத்தடியில் நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். கும்பிட்ட கையாலேயே நான் கட்டிய மஞ்சள் நாடாவைப் பிடித்து இழுத்து, விரித்து, வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன பாக்கற?" என்றேன்.

"ஓட்டைங்க. ரிஜெக்ட்டுத் துணியக் கொண்டாந்து சாமிக்குக் கட்டியிருக்கறீங்க. எங்க டேபிளுக்கு வந்திருந்தா அப்பவே ஒதுக்கியிருப்பேன்."

நாடாவை இழுத்துச் சுருட்டிப் பழையபடி விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினாள். வேலி இருந்த இடத்தின் வழியாகப் போனாள். பருத்திச் செடிகளுக்கு நடுவில் அவள் சேலையின் நிறம் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு மில்லின் தூண்களுக்கு உள்ளே போய்விட்டது. கம்பெனிச் சங்கு ஊதும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன். அன்றைக்கு எனக்கு வேலைக்கு லேட்.

இப்போது அந்த வழியில் நிறையப் பேர் போகிறார்கள். பைபாஸில் போய்க்கொண்டிருந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். சிலர் மரத்தடியில் நின்று கும்பிடுகிறார்கள், சிலர் போகிற வேகத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கனவும் வெள்ளைக் குதிரையும் நான் கட்டியவை அல்ல, யார் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. துணி நான் கட்டியது. அந்தத் துணியைப் பார்த்து என்னைவிட வேகமாக வழி திறந்தவர்கள் அவர்கள். கட்டச் சொன்னது யார் என்று அந்த டெய்லர் பெண் இன்னமும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனால் நானும் நெற்றியில் கொஞ்சம் குங்குமம் வைத்துக்கொண்டுதான் வருகிறேன்.

"பாதை முடிவு" பலகையை யாரும் எடுக்கவில்லை. அதைத் தாண்டும்போது என் மனைவி ஒரு மணி அடிப்பாள். வீட்டுத் திண்டில் உட்கார்ந்து ஷூ மாட்டும்போது அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். கேட்ட பிறகுதான் நான் வேலைக்குக் கிளம்புவேன். இன்று ஞாயிறு, மணி அடிக்கவில்லை, அவள் உள்ளே துணி மடிக்கிறாள். அதனால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

கார்த்திகை மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை.